ஒரு சாண் கூரை

மதுரை,
2-2-1937

சேசு மரி சூசை துணை

என் மனைவி பாக்கியமேரிக்கு லூர்துராஜ் எழுதுவது:

நீ அலங்காநல்லூருக்குப் போய் உன் அண்ணன் மரியராஜ் வீட்டில் தங்கிப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. போகும்போது அடுக்களைச் சுவரில் கரித்துண்டால் எழுதிவிட்டுப் போன வாக்கியத்தை நான் அழிக்கவில்லை. "உங்களுக்குக் கோர்ட்டுப் பித்து பிடித்திருக்கிறது. தெளிந்தால் சொல்லியனுப்புங்கள், வாரேன்." அதை அழிக்காமல் வைத்திருப்பது மனத்தாங்கலால் அன்று. அவதூறுக்கு அத்தாட்சி வேண்டும் என்பதால்.

பித்து என்ற சொல்லை நீ அறியாமல் வழங்கியிருக்கிறாய். கள் குடிப்பவன் தள்ளாடுகிறான். சீட்டாடுகிறவன் பெண்டாட்டியின் தாலியை அடகு வைக்கிறான். சினிமாக் கொட்டகையே கதியென்று கிடப்பவன் வேலையை இழக்கிறான். நான் நிமிர்ந்து கோர்ட்டுக்குப் போகிறேன், நிமிர்ந்து திரும்புகிறேன். இருபத்தேழு வருஷமாக மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கும் என்னைப் பற்றி எவனும் ஒரு குறை சொன்னதில்லை.

அடுத்த வீட்டு வண்டிக்காரன் தவசியின் ஓட்டுக் கூரை நம் மனைக்குள் ஒன்றரைச் சாண் நீண்டிருக்கிறது. அந்த ஓட்டுத் தண்ணீர் நம் அடுக்களைச் சுவரில் விழுகிறது. இதுதான் வழக்கு. இதில் நாம் ஜெயித்தோம். ஜெயித்த பிறகும் ஏன் அப்பீல் என்று நீயும் கேட்டாய், உன் அண்ணனும் கேட்டார். தீர்ப்பில் ஒரு சாண் என்றுதான் எழுதியிருக்கிறது. மிச்சம் அரைச் சாணை என்ன செய்வது? அரை நீதி என்று உலகத்தில் ஒன்று உண்டா?

இந்த வாரத்துக்குள் நீ திரும்பிவிட வேண்டியது. பஸ்ஸுக்கு வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
ச. லூர்துராஜ்


அலங்காநல்லூர்,
5-2-1937

சேசுவுக்கே புகழ்

ரோசம்மாளின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணனும் வாசித்தார். "மாப்ள எழுதுனதுல நம்பர் மட்டுந்தான் போடலை. மத்தபடி இது கடுதாசி இல்ல, பிராது" என்று சொல்லிவிட்டுப் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

நான் ஏன் வந்தேன் என்பதை நீங்கள் எழுதவே இல்லை. ஆகையால் நான் எழுதுகிறேன். செபஸ்தியார் திருநாளன்று திண்டுக்கல்லில் நம் பேரனுக்கு ஞானஸ்நானம். முதல் நாளே நான் புறப்பட்டேன். காலை ரயிலில் வந்துவிடுகிறேன் என்று உங்கள் குடையை என்னிடம் கொடுத்தனுப்பினீர்கள். சுவாமியார் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றியபோது தாத்தா நிற்க வேண்டிய இடத்தில் அந்தக் குடையைத்தான் சாத்தி வைத்திருந்தோம். நம் மகள் ரோசம்மாள் குடையை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்கு நம் வழக்கு எடுத்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஊர் திரும்பி வக்கீல் குமாஸ்தா விருமாண்டியைக் கேட்டேன். "இல்லம்மா, நம்ம வாய்தா பங்குனியிலதான். அய்யா சும்மாதான் வந்தாக. யாரோ மேலூர்க்காரன் கிணத்துக் கேசு நடந்துச்சு. கடைசி வரைக்கும் இருந்து கேட்டுப்புட்டுப் போனாக. அம்மா, தப்பா நினைக்காதீக, அய்யாவக் கொஞ்சம் வீட்டுல வச்சுக்கங்க. வக்கீலய்யா இவுக தலையப் பாத்தாலே பின்வாசல் வழியாப் போயிடறாரு" என்றான்.

யாரோ ஒருவருடைய கிணற்றுத் தண்ணீருக்காக நம் பேரனுடைய ஞானஸ்நானத் தண்ணீரை விட்டீர்கள். நிமிர்ந்து போனீர்களா, குனிந்து போனீர்களா என்று நான் கேட்கவில்லை.

இங்கே அண்ணன் வீட்டுக்கு எதிர்வீடு சிவனாண்டி அண்ணன் வீடு. அவர் குடிக்க மாட்டார். கெட்ட வார்த்தை பேசமாட்டார். சேவல் வளர்க்கிறார். சேவற்கட்டு நடக்கிற நாளில் போகிறார் என்றால் சரி. கட்டு இல்லாத நாளிலும் களத்துக்குப் போய் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் சம்சாரம் இருளாயி என்னிடம் கேட்டாள்:

"ஒங்க வீட்டுக்காரரும் சேவ வளக்குறாராம்மா?"

"இல்ல இருளாயி. அவுக கேசு வளக்குறாக."

"அதுக்கு எரை என்ன போடணும்?"

"என்னைத்தான்" என்றேன். அவள் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

வருகிற புதன்கிழமை விபூதித் திருநாள். தபசுகாலம் தொடங்குகிறது. சேசு உயிர்த்த பாஸ்குத் திருநாள் வரை அவரவர் ஆசைப்பட்டதை விட்டுவிட வேண்டும் என்று நமக்குக் கட்டளை. நீங்கள் வருஷம் தவறாமல் காப்பியையும் வெற்றிலையையும் விடுகிறீர்கள். இந்த வருஷம் கோர்ட்டை விடுங்கள். பாஸ்கு வரை அதன் வாசற்படி மிதிக்க வேண்டாம். முடிந்தால் நான் சொன்னது தப்பு. நானே வந்து அந்தக் கரி எழுத்தை என் முந்தானையால் துடைக்கிறேன்.

பாக்கியமேரி


மதுரை,
9-2-1937

பாக்கியமேரிக்கு,

ஒப்புக்கொள்கிறேன். காப்பி, வெற்றிலை இவற்றோடு கோர்ட்டும். நினைத்த மாத்திரத்தில் நிறுத்த வல்லவன் என்பதை நிரூபிக்க இதைவிடச் சுலபமான வழியை நீ எனக்குத் தந்திருக்க முடியாது.

வாக்குறுதி என்பது தெளிவாக இருக்க வேண்டும். ஆகவே வரையறுக்கிறேன்: கோர்ட்டு என்றால் பழைய அரண்மனையான மகாலுக்குள் நடக்கும் நியாயஸ்தலம். மகாலைச் சுற்றியுள்ள தெருக்கள் கோர்ட்டு ஆகா. வக்கீல் வீடு கோர்ட்டு ஆகாது. பங்குனியில் சூசையப்பர் திருநாளன்று நம் அப்பீல் விசாரணைக்கு வருகிறது. அன்று வக்கீல் மட்டும் போவார். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவேன்.

சிவனாண்டி என்பவரோடு என்னை ஒப்பிட்டதைக் கண்டிக்கிறேன். சேவலுக்குச் சட்டம் தெரியாது.

ச. லூர்துராஜ்


மதுரை,
23-2-1937

பாக்கியமேரிக்கு,

வாக்கு வழுவாமல் நிற்கிறேன் என்பதை இதன் மூலம் தெரியப்படுத்துகிறேன். காப்பி நினைவே இல்லை. வெற்றிலைப் பெட்டியைத் திறக்கவில்லை. கோர்ட்டு வாசலை மிதிக்கவில்லை.

சில சிறு சங்கதிகள் உன் காதுக்கு வேறு விதமாக வரலாம். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை மகாலுக்கு எதிரேயுள்ள காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். காப்பி குடிக்கவில்லை. அங்கே உட்காருவதைச் சட்டம் தடுக்கவில்லை. கடைக்காரர், "என்ன சார், குடிக்காம எம்புட்டு நேரம் உக்காந்திருப்பீக? நம்ம பெஞ்சு மேலயும் கேசு போடப் போறீகளா?" என்று ஒரு அசட்டுக் கேலி செய்தார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அரண்மனை வாசலில் வக்கீல்மார் கருப்புக் கோட்டோடு ஏறி இறங்குவதை அங்கிருந்து பார்க்க முடிகிறது. அவ்வளவே.

பள்ளிக்கூடத்தில் மேனேஜர் சுவாமியார் சென்ற வாரம் என்னைக் கூப்பிட்டு, எனக்கு உடம்புக்கு ஏதேனுமா என்று விசாரித்தார். வகுப்பில் எண்சுவடி சொல்லும்போது நடுவில் நிறுத்திவிட்டேனாம். கை சற்று நடுங்குகிறது. காப்பியை விட்டதனால் இருக்கலாம். சென்ற வருஷமும் காப்பியை விட்டேன், அப்போது நடுங்கவில்லை என்று நீ சொல்லக்கூடும். சென்ற வருஷம் எனக்கு ஒரு வயது குறைவு.

ரயிலடியில் டிக்கெட்டுக் கொடுப்பவர் என்னிடம் மரியாதைக் குறைவாகப் பேசியது பற்றி ஒரு புகார் மனு தயாரித்தேன். அது கோர்ட்டில் கொடுப்பதன்று. ஆகவே வாக்கில் சேராது.

வீடு சுத்தமாக இருக்கிறது. உன் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்.

ச. லூர்துராஜ்


அலங்காநல்லூர்,
27-2-1937

ரோசம்மாளின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தில் துளசி ஒன்றுதான் எனக்கு எழுதியது. மற்றதெல்லாம் நீதிபதிக்கு.

சிவனாண்டி அண்ணனும் போன வாரம் இருளாயிக்குச் சத்தியம் பண்ணினார், களத்துக்குப் போகமாட்டேன் என்று. போகவில்லை. களத்தை அடுத்த தோட்டத்துப் புளியமரத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். கீழே நின்று இருளாயி, "எறங்கி வாயா, மரத்துல என்ன கோட்டானா நீயி?" என்று கத்தினாள். அவர் மேலேயிருந்து, "நான் களத்துலயா இருக்கேன்? மரத்துலதானே இருக்கேன்!" என்றார். ஊரே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. உங்கள் காப்பிக் கடைப் பெஞ்சு என் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது.

இப்போது முக்கியமானது. தவசி முந்தாநாள் வண்டி கட்டிக்கொண்டு இங்கே வந்தார். நான் ஊரை விட்டு வந்தது தன்னால்தான் என்று நினைத்துக் கூனிக் குறுகி வாசலிலேயே நின்றார். "தாயி, தீர்ப்புச் சொன்ன ஒரு சாணு மட்டுமில்ல, அய்யா கேக்குற ஒன்றரைச் சாணையும் வெட்டிப்புடுறேன். அஞ்சு வருஷத்துக்கு முந்தியே வெட்டுறேன்னு சொன்னேன். 'கோர்ட்டு உத்தரவு வராம ஓட்டுல கை வைக்காதே, வச்சா அதுக்குத் தனியாக் கேசு வரும்'னு அய்யாதான் சொன்னாக" என்றார்.

இது உண்மையா? அவர் கூரையை வெட்டுகிறேன் என்றபோது வேண்டாம் என்று தடுத்தது நீங்களா?

அந்த வீடு என் அப்பா எனக்குச் சீதனமாகக் கொடுத்தது. வழக்கில் வாதி நான். என் சார்பில் நடத்தச் சொல்லி உங்களுக்கு முக்தியார் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அந்தப் படி ஏறியதில்லை. தவசியும் நானும் சமாதானம் செய்துகொள்ளும் ராசி மனுவில் கையெழுத்துப் போட்டால் வழக்கு முடிந்துவிடும் என்று அண்ணன் சொல்கிறார். போடட்டுமா? உங்களைக் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை. அதனால் கேட்கிறேன்.

பாக்கியமேரி


மதுரை,
3-3-1937

பாக்கியமேரிக்கு,

ராசி என்ற பேச்சுக்கே இடமில்லை. தோற்றவன் கேட்பது ராசி. ஜெயித்தவள் கேட்டதாக எந்தச் சட்டப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

தவசி கூரையை வெட்ட முன்வந்தது உண்மை. நான் தடுத்ததும் உண்மை. முறைப்படி உத்தரவு பெற்று, கோர்ட்டு அமீனா முன்னிலையில், அளந்து வெட்டப்பட வேண்டும். இரக்கத்தால் வெட்டப்படும் கூரை நாளைக்கு இரக்கம் தீர்ந்ததும் மறுபடி நீளும். இதைக்கூட உனக்கு நான் விளக்கவேண்டியிருக்கிறது.

நீ தகுந்த காரணமின்றிப் புருஷன் வீட்டை விட்டு விலகியிருக்கிறாய். இது தவிரத் தனியாக ரிஜிஸ்டர் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வரும். பதினைந்து நாளுக்குள் திரும்பிவந்து என்னோடு குடித்தனம் செய்யத் தவறினால், உன்னைச் சேர்ந்து வாழச் செய்யும்படி நான் வழக்குத் தொடுக்க நேரிடும். இதைக் கோபத்தில் எழுதியதாக எண்ணாதே. வக்கீலின் கையெழுத்து இருந்தாலும் நோட்டீஸின் வாசகம் முழுவதும் நானே எழுதியது. ஒரே அமர்வில் எழுதி முடித்தேன், கை நடுங்கவில்லை. அன்று பசித்துச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன்.

ச. லூர்துராஜ்


அலங்காநல்லூர்,
9-3-1937

ரோசம்மாளின் அப்பாவுக்கு,

நோட்டீஸ் வந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கும்போது இருளாயி, "மாமியா வீட்டுச் சீரா?" என்று கேட்டாள். "ஆமா, புருஷன் வீட்டுச் சீர்" என்றேன்.

மூன்று தரம் வாசித்தேன். நல்ல தமிழ். ஓரிடத்தில்கூடச் சொல் தடுக்கவில்லை. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் எனக்கு இவ்வளவு நீளமாக நீங்கள் எழுதியது இதுதான் முதல் தடவை. அதில் என் பெயருக்குப் பக்கத்தில் 'எதிர்வாதி' என்று போட்டிருக்கிறீர்கள்.

பசித்துச் சாப்பிட்டேன் என்று எழுதினீர்கள். அந்த வரியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கட்டுக்குப் போய்வந்த அன்றைக்குத்தான் சிவனாண்டி அண்ணனும் இரண்டாம் தரம் சோறு கேட்பாராம். தவசி அலுத்துப் போனார், அதனால் உங்களுக்குப் புதுச் சேவல் வேண்டியிருக்கிறது. நான் ஆகமாட்டேன்.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வழக்குப் போடுங்கள். நான் வரமாட்டேன். வக்கீல் வைக்கமாட்டேன். பதில் மனுக் கொடுக்கமாட்டேன். "ஆஜராகவில்லை" என்று மூன்று தரம் கூப்பிட்டுவிட்டு உங்களுக்கு ஒருதலைத் தீர்ப்புக் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். எதிர்த்துப் பேச ஆள் இல்லாத வழக்கு உப்பில்லாத கஞ்சி. அதை எத்தனை நாளைக்குக் குடிப்பீர்கள் என்று பார்க்கிறேன். அந்தத் தீர்ப்புக் காகிதம் வந்து உங்களுக்குத் துவையல் அரைக்குமா, முதுகு தேய்த்துவிடுமா?

உங்கள் பேரில் நான் எழுதிக் கொடுத்த முக்தியார் பத்திரத்தை ரத்து செய்துவிட்டேன். சூசையப்பர் திருநாளன்று நானே கோர்ட்டுக்கு வருகிறேன், தவசியோடு. கேட்டுச் செய்யலாம் என்று பார்த்தேன். நோட்டீஸ் அனுப்பினீர்கள். இனிக் கேட்பதாக இல்லை.

உங்களைத் தோற்கடிக்க வரவில்லை. குடிகாரன் கையிலிருக்கும் பாட்டிலை உடைக்க வருகிறேன்.

பாக்கியமேரி


மதுரை,
22-3-1937

பாக்கியம்,

வெள்ளிக்கிழமை நான் மகாலில் இருந்தேன். வாக்கை மீறினேன். இதற்கு வரையறை எதையும் நான் சொல்லப்போவதில்லை.

தடுக்கத்தான் வந்தேன். முக்தியாரை ரத்து செய்தது செல்லாது என்று வாதிடப் புத்தகத்தில் மூன்று இடங்களில் அடையாளம் வைத்திருந்தேன். தூணுக்குப் பின்னால் நின்றேன். பெயர் கூப்பிட்டார்கள். இத்தனை வருஷமாக உன் பெயரைக் கூப்பிட்டதும் நான்தான் எழுந்து நிற்பேன்; அன்று நீ எழுந்து நின்றாய். நீலச் சேலை. முந்தானையைத் தலையில் போட்டிருந்தாய். "நீங்கள்தானா வாதி?" என்று நீதிபதி கேட்டதற்கு, "ஆமாங்கய்யா, இன்னிக்கு மட்டும்" என்றாய். அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே ராசியைப் பதிந்தார். அரை நாழிகைகூட ஆகவில்லை. நான் புத்தகத்தைத் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், விரல் திறக்கவில்லை.

நீயும் தவசியும் போன பிறகும் நான் போகவில்லை. வேறொரு வழக்குக் கூப்பிட்டார்கள். அதைக் கேட்டேன். அதற்கடுத்ததையும் கேட்டேன். கூட்டத்தை விலக்கி எனக்கு எப்போதும் இடம் பிடித்துக் கொடுக்கும் டவாலிச் சேவகர் வந்து, "அய்யாவுக்கு இன்னைக்கு எந்தக் கேசு?" என்று தணிந்த குரலில் கேட்டார். எதுவும் இல்லை என்று சொல்ல எனக்கு நெடுநேரம் பிடித்தது.

இதுவரை எழுதியதற்காக நான் பணிந்துவிட்டேன் என்று எண்ணாதே. நீ செய்தது முறையன்று என்றே இன்றும் சொல்கிறேன். வெளியே போய்க் காப்பிக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, உன் மேலும் தவசி மேலும் தொடுக்கக்கூடிய வழக்குகளை மனத்தில் வகுத்தேன். நான்கு வகை இருக்கின்றன. நான்கும் செல்லுபடியாகும்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் தவசி ஏணி வைத்து ஓட்டைப் பிரித்து, கை வாளால் சட்டங்களை அறுத்தார். "அய்யா வந்து அளந்து சொன்னா நல்லது" என்றார். நான் போகவில்லை. ஒன்றரைச் சாணுக்கும் கூடவே அறுத்திருக்கிறார் என்பது இங்கிருந்தே தெரிந்தது.

பிற்பகலில் கோடை மழை பிடித்தது. பெருமழை. ஏழு வருஷமாக மழை என்றால் நான் அடுக்களைக்குள் போய் நிற்பேன், உனக்குத் தெரியும். வெளிச் சுவரில் அந்தத் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்பேன். கேட்கக் கேட்க நெஞ்சில் ஒரு சூடு ஏறும். அதைக் கோபம் என்றே நினைத்திருந்தேன். சனிக்கிழமையும் போய் நின்றேன். மழை பெய்தது. சுவரில் ஒரு சொட்டும் விழவில்லை. தவசி வீட்டு முற்றத்தில் விழும் சத்தந்தான் கேட்டது. நான் வேண்டியது கிடைத்துவிட்டது, பாக்கியம். நான் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன்.

சந்தோஷத்தால் அன்று. அந்தச் சத்தம் வேண்டுமென்று அழுதேன். ஐம்பது வயது. கணக்கு வாத்தியார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், நீ எழுதிய கரி எழுத்தில் பாதி என் நெற்றியில். மிச்சத்தை அழிக்கவில்லை, ஆனால் இப்போது அதை அத்தாட்சிக்காக வைத்திருக்கவில்லை. நீ எழுதிய அந்தச் சொல்லை என் பெயரோடு சேர்த்து என் கையால் எழுத இன்னும் வரவில்லை. எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதே.

நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். கை மறுபடி நடுங்குகிறது. இன்று காலை பள்ளிக்கூடத்துக்கு மகால் வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். நாளையும் அப்படியே போவேன் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன். வாக்குக் கொடுத்தால் நான் அதற்கு வரையறை எழுத ஆரம்பித்துவிடுவேன்.

ஒன்று கேட்கவேண்டும். கட்டு இல்லாத நாளில் அந்தச் சிவனாண்டி பொழுதை எப்படிப் போக்குகிறார் என்று விசாரித்து எழுது.

லூர்துராஜ்


அலங்காநல்லூர்,
24-3-1937

ரோசம்மாளின் அப்பாவுக்கு,

நீங்கள் தூணுக்குப் பின்னால் நின்றது தெரியும். மகால் தூண் இரண்டு ஆளை மறைக்கும். உங்கள் குடையை மறைக்கவில்லை. கூப்பிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். கூப்பிட்டால் வாதாட வருவீர்கள் என்று பயந்து வந்துவிட்டேன்.

நான் செய்தது முறையன்று என்கிறீர்கள். இருக்கட்டும். மறுபடி ஒரு தரம் வந்தால் மறுபடியும் அதையே செய்வேன்.

நீங்கள் கேட்டதைச் சிவனாண்டி அண்ணனிடம் கேட்டேன். சேவலைத் தடவிக்கொண்டே இருந்தார். "பொழுதெங்கம்மா போகுது? அது போகாமத்தானே நான் களத்துக்குப் போறேன்" என்றார். பிறகு தானாகவே, "வாத்தியாரும் அப்படித்தானா?" என்று கேட்டார். அப்படித்தான் என்றேன். அவருக்கு அது சந்தோஷமா, வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை.

பாஸ்கு ஞாயிற்றுக்கிழமை இங்கே பெரிய கட்டு. வாடிப்பட்டியிலிருந்தெல்லாம் சேவல் வருகிறது. நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் அன்றைக்கு ஒரு நாள் போகாமல் இருந்து பார்க்கிறேன் என்கிறார். இருளாயிக்கு நம்பிக்கை இல்லை. "ரெண்டு ஆம்பளைக ஒண்ணுஞ் செய்யாம எம்புட்டு நேரம்மா உக்காந்திருப்பாக?" என்கிறாள். எனக்கும் தெரியாது. இலுப்பை மரத்தடியில் கட்டில் போட்டு வைக்கிறோம். ரோசம்மாளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். தாத்தா வருவார் என்று அவளுக்கு நான் எழுதவில்லை. வந்தால் பார்த்துக்கொள்ளட்டும்.

சனிக்கிழமை பஸ்ஸில் வாருங்கள். சட்டப் புத்தகம் வேண்டாம். குடை வேண்டும், வெயில் கடுமை.

துளசிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டுமே. வீட்டுச் சாவியைத் தவசியிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பாக்கியம்